லாக்க யார் பிடிச்சிருக்காங்க? – கெர்னல் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல நிறைய ராயபுரம், வியாசர்பாடி, திருவொத்தியூர்னு நம்ம வடசென்னை பக்கத்துலேந்தே வந்திருக்கு, அதுவும் எல்லாம் சுத்தி சுத்தி பேஜ் ஃபால்ட் (ப்ரோக்ராம் தொட்ட பேஜ், அதாவது மெமரி துண்டு, அங்க இல்லாமலோ அனுமதி இல்லாமலோ போய் சிபியு கெர்னல, அதாவது ஓஎஸ்ஸோட மையத்த, கூப்பிடறது), மெமரி மேப்பிங் (எந்த அட்ரஸுக்கு எந்த பேஜ்ங்கற ஏற்பாடு), லாக்குனு (ஒரே டேட்டாவ ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தாம காக்கற பூட்டு) ஒரே இடத்துல தான் வந்து நிக்குது. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். கெர்னல் வேலைக்கு நம்ம ஏரியா பசங்க இவ்ளோ பேர் வந்துட்டாங்கன்னு பாக்கும்போது மனசு நெறஞ்சு போச்சு.

கேள்வி: அக்கா, நான் ஒரு சின்ன கம்பெனில கேமரா போர்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதறேன். ஆஃபீஸ்ல டெஸ்ட் பண்ணா சூப்பரா ஓடுது, சைட்ல கொண்டுபோய் வெச்சா சில மணி நேரத்துல அப்ளிகேஷன் அப்டியே உறைஞ்சி நிக்குது, கில் மைனஸ் 9 போட்டாலும் சாவ மாட்டேங்குது. அத விட கொடுமை, பிஎஸ் ஏயூஎக்ஸ் (ஓடற ப்ராசஸ் பட்டியல காட்டற கமாண்ட்) அடிச்சா அதுவும் பாதில நின்னுடுது. ஹார்டுவேர் தான் கோளாறுன்னு மேனேஜர் சொல்றாரு, நான் இன்னா பண்றது?
– வாசகர், ராயபுரம்

பதில்: தம்பி, போர்ட கழட்டறதுக்கு முன்னாடி, பிஎஸ்ஸும் நின்னுடுதுன்னு எழுதியிருக்கீங்கள்ல, அத கொஞ்சம் யோசிங்க. பிஎஸ் ஏயூஎக்ஸ் ஒவ்வொரு ப்ராசஸோட முழு கமாண்ட் லைனையும் காட்டணும், அந்த கமாண்ட் லைன் இருக்கறது அந்தந்த ப்ராசஸோட சொந்த மெமரில, அத எட்டிப் பாக்கணும்னா கெர்னல் அந்த ப்ராசஸோட எம்மேப் லாக்க (அந்த ப்ராசஸோட மெமரி மேப்பிங்க காக்கற லாக்) ரீட் மோடுல (பல பேர் சேந்து எடுக்கலாம், ரைட் மோடுனா ஒருத்தர் மட்டும்) எடுத்தாகணும். அங்க போய் பிஎஸ் மாட்டுதுன்னா உங்க அப்ளிகேஷனோட எம்மேப் லாக்க யாரோ ரைட் மோடுல பிடிச்சிக்கிட்டு விடாம நிக்கறாங்க. சென்சார் கெட்டுப்போனதுக்கெல்லாம் பிஎஸ் நிக்கணும்னு அவசியமே இல்ல. கில் 9 வேலை செய்யாததுக்கும் இதான் காரணம், லாக்குக்காக டி ஸ்டேட்ல தூங்கற த்ரெட் (ப்ராசஸுக்குள்ள தனியா ஓடற ஒரு வேலை) பொதுவா எந்த சிக்னலுக்கும் எழுந்திருக்காது.

அடுத்த தடவ உறைஞ்சா தயவுசெஞ்சு பவர ஆஃப் பண்ணிடாதீங்க, ஆதாரம் முழுசா கைல இருக்கற நேரமே அது தான். பிஎஸ்ஸுக்கு ஏயூஎக்ஸ் குடுக்காம பிஐடி, ஸ்டேட், டபிள்யூசான் (கெர்னல்ல எந்த இடத்துல தூங்குதுங்கறது), பேரு இது மட்டும் போதும்னு கேளுங்க, கமாண்ட் லைன தொடாததால அது மாட்டாம வந்துடும். அதுல டி-ன்னு இருக்கற த்ரெட்டயெல்லாம் குறிச்சிக்கிட்டு, ரூட்டா இருந்து ப்ராக் டைரக்டரில அந்த ப்ராசஸுக்குள்ள டாஸ்க் ஃபோல்டருக்கு போய் ஒவ்வொரு த்ரெட்டோட ஸ்டாக் ஃபைலையும் (எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுங்கற பட்டியல்) கேட் பண்ணி பாருங்க. அது முடியலனா சிஸ்ஆர்க்யூ ட்ரிகர்ல (கெர்னலுக்கு நேரா கட்டளை குடுக்கற ப்ராக் ஃபைல்) டபிள்யூ-ங்கற எழுத்த எக்கோ பண்ணுங்க, மாட்டிக்கிட்டு நிக்கற எல்லாரோட ஸ்டாக்கையும் கெர்னலே தன்னோட மெசேஜ் பதிவுல கொட்டிடும்.

நீங்க சொன்னத வெச்சு பாத்தா ரெண்டு த்ரெட் இப்டி தெரியும்னு எனக்கு தோணுது. ஸ்டாக்க கீழேந்து மேல படிங்க. ஒண்ணுல ஐயோகன்ட்ரோல் (அப்ளிகேஷன் டிரைவர கூப்பிடற சிஸ்டம் கால்), அதுக்கு மேல உங்க டிரைவரோட ஃபங்ஷன், அதுக்கு மேல காப்பி டு யூசர் (கெர்னல்லேந்து யூசர் மெமரிக்கு காப்பி பண்றது), அதுக்கு மேல பேஜ் ஃபால்ட், உச்சில ஆர்டபிள்யூசெம் டவுன் ரீட் ஸ்லோபாத் (எம்மேப் லாக்குக்கு ரீட்ல காத்திருக்கற இடம்). இன்னொண்ணுல எம்மேப் சிஸ்டம் கால் (மெமரிய மேப் பண்ண சொல்லி கேக்கறது), அதுக்கு மேல உங்க டிரைவரோட எம்மேப் ஃபங்ஷன், உச்சில மியூடெக்ஸ் லாக் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் எடுக்கற லாக்). இந்த ரெண்டு ஸ்டாக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாத்தாலே கதை முடிஞ்சிது. முதல் த்ரெட் உங்க டிவைஸ் மியூடெக்ஸ கைல வெச்சிக்கிட்டு எம்மேப் லாக்குக்கு காத்திருக்கு, ரெண்டாவது எம்மேப் லாக்க கைல வெச்சிக்கிட்டு (எந்த டிரைவரோட எம்மேப் ஃபங்ஷனையும் கெர்னல் அந்த லாக்க ரைட்ல எடுத்துட்டு தான் கூப்பிடும்) உங்க மியூடெக்ஸுக்கு காத்திருக்கு. கல்மண்டபம் பக்கத்து சந்துல இந்தப் பக்கத்துலேந்து மீன் வண்டியும் அந்தப் பக்கத்துலேந்து தண்ணி லாரியும் மூக்கோட மூக்கு முட்டி நிக்குமே, அதே நிலைமை, ஆனா இங்க ரிவர்ஸ் கியரே கிடையாது.

அப்போ ஆஃபீஸ்ல ஏன் வரலன்னு கேப்பீங்க. காப்பி டு யூசர் கூப்பிட்டாலே ஃபால்ட் வந்துடாது, யூசர் குடுத்த பஃபரோட பேஜ் மெமரில இல்லாதப்போ தான் வரும். உங்க டெஸ்ட் ப்ரோக்ராம் ஒரே பஃபர திரும்ப திரும்ப குடுக்கும், அந்த பேஜ் எப்பவும் மெமரில உக்காந்திருக்கும், அதனால எம்மேப் லாக் பக்கமே போகாது. சைட்ல மணிக்கணக்கா ஓடி மெமரி டைட் ஆகி அந்த பேஜ் வெளிய போனதும், இல்ல புதுசா மேப் பண்ணி தொடாத பஃபர் ஒண்ணு வந்ததும், அதே நேரம் இன்னொரு த்ரெட் எம்மேப் கூப்பிட்டா முடிஞ்சுது. ரெண்டும் ஒரே ப்ராசஸோட த்ரெட்டா இருக்கணும், ஏன்னா எம்மேப் லாக் ப்ராசஸுக்கு ஒண்ணு. உங்க டெஸ்ட் ப்ரோக்ராம்ல த்ரெட்டே இல்லனா பத்து வருஷம் ஓட்டினாலும் இந்த பக் வராது.

வேணும்னே வர வைக்க ஒரு வழி இருக்கு. ஒரு த்ரெட்ல ஐயோகன்ட்ரோல் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பஃபர் மேல எம்அட்வைஸ் டோன்ட்நீட் (இந்த பேஜ் வேணாம்னு கெர்னலுக்கு சொல்றது) போட்டுடுங்க, பேஜ் போயிடும், அப்போ காப்பி பண்ணும்போது ஃபால்ட் கட்டாயம் வந்தே தீரும். இன்னொரு த்ரெட்ல எம்மேப், எம்அன்மேப்னு லூப்ல ஓட விடுங்க. சைட்ல மணிக்கணக்கா காத்திருந்தது உங்க டேபிள்லயே சட்டுனு வந்துடும், மேனேஜர கூப்ட்டு காட்டிடுங்க.

சரி பண்றது ரொம்ப எளிசு. மியூடெக்ஸ பிடிச்சிக்கிட்டு யூசர் மெமரிய தொடாதீங்க, அவ்ளோதான். டேட்டாவ முதல்ல ஒரு கெர்னல் பஃபருக்கு எடுங்க, மியூடெக்ஸ விடுங்க, அப்புறம் காப்பி டு யூசர் பண்ணுங்க. காப்பிக்கு முன்னாடி பேஜ ஒரு தடவ தொட்டுட்டா போதும்னு சில பேர் யோசனை சொல்வாங்க, கேக்காதீங்க, தொட்டதுக்கும் காப்பிக்கும் நடுவுல அந்த பேஜ் வெளிய போகாதுன்னு எந்த கேரண்டியும் இல்ல. புது கெர்னல் போட்டா போயிடும்னும் சொல்வாங்க, 6.4 வெர்ஷன்லேந்து யூசர் மோடுல வர்ற நிறைய ஃபால்ட் எம்மேப் லாக்க தொடாமலே முடியும், ஆனா காப்பி டு யூசர் மாதிரி கெர்னலுக்குள்ளேந்து வர்ற ஃபால்ட் இன்னும் எம்மேப் லாக்க தான் எடுக்கும், லாக் எடுக்கற வரிசை தப்பு தப்பாவே தான் இருக்கு.

கேள்வி: லாக்டெப் (லாக் எடுக்கற வரிசைய கண்காணிக்கற கெர்னல் கருவி) ஆன் பண்ணா மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கு அக்கா, எடுத்துடலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: டெஸ்ட் மெஷின்ல எடுக்காதம்மா, கஸ்டமருக்கு போற கெர்னல்ல போடாத. லாக்டெப் 2006ல 2.6.18 கெர்னல்ல வந்தது, இங்கோ மோல்னார் கொண்டு வந்தது, அந்த மனுஷனுக்கு நாம எல்லாரும் கடன்பட்டிருக்கோம்னு நான் மனசார சொல்வேன். மேல ராயபுரம் தம்பி கேட்டாரே, அந்த டெட்லாக் நிஜமா நடக்கணும்னு கூட லாக்டெப்புக்கு அவசியம் இல்ல. ப்ரூவ் லாக்கிங், டீபக் அட்டாமிக் ஸ்லீப் ரெண்டு கான்ஃபிக்கும் போட்டிருந்தா காப்பி டு யூசருக்குள்ள "மைட் ஃபால்ட்"னு ஒரு செக் உயிரோட இருக்கும், பேஜ் மெமரில இருந்தாலும் சரி இல்லனாலும் சரி, இந்த இடத்துல எம்மேப் லாக் எடுக்க வாய்ப்பிருக்குன்னு அது எழுதி வெச்சிக்கும். ஒரு வரிசைய காலைல பாத்து எதிர் வரிசைய சாயங்காலம் பாத்தா கூட "பாசிபிள் சர்குலர் லாக்கிங் டிபெண்டன்சி"ன்னு கத்திடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ, முதல் ரிப்போர்ட் வந்ததும் லாக்டெப் தன்னையே ஆஃப் பண்ணிக்கும், ரீபூட் பண்ற வரைக்கும் அடுத்தத சொல்லாது. வேற யாரோ டிரைவர்ல வந்த முதல் வார்னிங்க கண்டுக்காம விட்டா உன் பக் அதுக்கு பின்னாடி ஒளிஞ்சிக்கும். முதல்ல வந்தத முதல்ல சரி பண்ணு, அது உன் கோட் இல்லனாலும்.

கேள்வி: வணக்கம் அக்கா, காலேஜ்ல எக்ஸ்வி6 (பாடம் நடத்தறதுக்குன்னு எழுதின சின்ன ஓஎஸ்) வெச்சி காப்பி ஆன் ரைட் ஃபோர்க் (புது ப்ராசஸ் பழையதோட பேஜ பகிர்ந்துட்டு, எழுதும்போது மட்டும் காப்பி எடுக்கறது) பண்ண சொன்னாங்க. சிம்பிள் டெஸ்ட் பாஸ் ஆகுது, ஃபைல் டெஸ்ட் மட்டும் ஃபெயில். சில நேரம் சம்பந்தமே இல்லாத இடத்துல "அன்எக்ஸ்பெக்டட் எஸ்காஸ்"னு வந்து ப்ராசஸ் செத்துடுது, ரெண்டு தடவ ஓட்டினா ரெண்டு மாதிரி வருது. எனக்கு தலையே சுத்துது.
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: பயப்படாத தங்கச்சி, நீ சொல்றது ரெண்டு தனித்தனி பக், ஒண்ணா சேத்து யோசிக்கறதால தான் தலை சுத்துது.

ஃபைல் டெஸ்ட் பக் சுலபம். யூசர் ப்ரோக்ராம் ரீட் ஒன்லி பேஜ்ல எழுதினா சிபியு ஃபால்ட் குடுக்கும், எஸ்காஸ்ல (ஃபால்ட் ஏன் வந்துச்சுன்னு சொல்ற ரெஜிஸ்டர்) 15னு வரும் (13 வந்தா படிக்க போயி வந்த ஃபால்ட், 12 வந்தா இன்ஸ்ட்ரக்‌ஷன் எடுக்க போயி வந்தது), எஸ்டிவால்ல அட்ரஸ் இருக்கும், உன் ஹேண்ட்லர் புது பேஜ் குடுக்கும். ஆனா ரீட் சிஸ்டம் கால்ல யூசர் பஃபருக்குள்ள எழுதறது யூசர் இல்ல, கெர்னல். எக்ஸ்வி6ல காப்பிஅவுட் ஃபங்ஷன் பேஜ் டேபிள (எந்த அட்ரஸ் எந்த பேஜுன்னு சொல்ற பட்டியல்) தானே நடந்து போய் ஃபிசிகல் அட்ரஸ கண்டுபிடிச்சி நேரா எழுதிடும், அங்க சிபியுவோட பர்மிஷன் செக் வேலைக்கே வராது, அதனால ஃபால்ட்டும் வராது. அப்பாவும் புள்ளையும் பகிர்ந்துக்கற பேஜ்லயே எழுதிட்டு போயிடும், இல்ல உன்கிட்ட இருக்கறது புது வெர்ஷனா இருந்தா எழுத முடியாதுன்னு எரர் குடுத்துடும். அதனால ஃபால்ட் ஹேண்ட்லர்ல பண்ற வேலைய தனி ஃபங்ஷனா பிரிச்சி காப்பிஅவுட்லேந்தும் கூப்பிடு. அட்ரஸ் மேக்ஸ்விஏவ (எக்ஸ்வி6ல அட்ரஸுக்கு உச்ச வரம்பு) தாண்டுதான்னு முதல்ல செக் பண்ணிடு, இல்லனா வாக் ஃபங்ஷன்ல பேனிக் ஆயிடும்.

ரெண்டாவது தான் உண்மையான பக். ரெண்டு தடவ ஓட்டினா ரெண்டு மாதிரி வருதுன்னா லாக் எங்கயோ விட்டுபோச்சு. எக்ஸ்வி6 சும்மா ஓட்டினா 3 சிபியு குடுக்கும், மேக் பண்ணும்போது சிபியு ஈக்வல் டு 1 குடுத்து ஓட்டு, பக் போயிடுச்சுன்னா சந்தேகம் ரொம்ப பலமாயிடும். அது ஃபிக்ஸ் இல்ல, நோய கண்டுபிடிக்க மட்டும். நீ ஒவ்வொரு ஃபிசிகல் பேஜுக்கும் ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தன பேர் யூஸ் பண்றாங்கங்கற எண்ணிக்கை) வெச்சிருப்ப இல்ல, அத ஏத்தறதும் இறக்கறதும் லாக்குக்குள்ள நடக்குதா பாரு. ஃபோர்க்ல ஒரு சிபியு கவுண்ட ஏத்தற அதே நேரம் இன்னொரு சிபியு இறக்கினா ஒரு ஏத்தம் காணாம போயிடும், அப்புறம் யாரோ இன்னும் யூஸ் பண்ற பேஜ கேஃப்ரீ (காலின்னு திருப்பி குடுக்கறது) பண்ணிடுவ, அது வேற யாருக்கோ போயிடும், அவன் எழுதினது இவன் மேல விழும். செத்தது ஒரு ப்ராசஸ், தப்பு பண்ணது முன்னாடியே முடிஞ்சி போன வேறொரு ஃபோர்க். அதனால தான் எரர் வந்த இடத்துலயே தேடினா ஒண்ணும் கிடைக்கல. இறக்கறதும், "ஜீரோ ஆயிடுச்சா"ன்னு பாக்கறதும் ஒரே லாக்குக்குள்ள சேந்து இருக்கணும், இறக்கிட்டு லாக்க விட்டுட்டு அப்புறம் பாக்கறது கூடவே கூடாது.

இதுல எக்ஸ்வி6 எழுதினவங்க ஒரு நல்ல காரியம் பண்ணி வெச்சிருக்காங்க, நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. கேஃப்ரீ பண்ற பேஜ் பூரா 1ங்கற பைட்ட நிரப்பிடுவாங்க, கேஅலாக் குடுக்கற பேஜ் பூரா 5. அந்த எரர் மெசேஜ்ல எஸ்டிவால்லயோ எஸ்இபிசிலயோ (ஃபால்ட் வந்தப்போ ஓடின கோடோட அட்ரஸ்) 01010101னு வரிசையா வந்துச்சுன்னா செத்துப்போன பேஜ யாரோ தொட்டிருக்காங்க, 05050505னு வந்தா புது பேஜ வாங்கி எதுவும் எழுதாம யூஸ் பண்ணிருக்காங்க. நீ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல 01 வரிசை தெளிவா தெரியுது, அதனால தான் இவ்ளோ தைரியமா கவுண்ட்ட சொல்றேன்.

இன்னொண்ணு, பூட் ஆகும்போது ஃப்ரீரேஞ்ச் எல்லா பேஜையும் கேஃப்ரீ வழியா தான் லிஸ்ட்ல சேக்கும். அப்போ கவுண்ட் 0 ஆ இருந்து நீ இறக்கினா மைனஸ் 1 ஆயிடும், அதனால அங்க மட்டும் முன்னாடியே 1 வெச்சிடு.

கேள்வி: சொந்தமா ஓஎஸ் எழுதறேன். பேஜிங் ஆன் பண்ண உடனே கியூஎமு (மெஷின் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்) ரீபூட் ஆகிட்டே இருக்கு. எந்த மெசேஜும் இல்ல.
– வாசகர், திருவொத்தியூர்

பதில்: ட்ரிபிள் ஃபால்ட் தம்பி. முதல் ஃபால்ட்ட ஹேண்டில் பண்ண முடியாம ரெண்டாவது, அதையும் முடியாம மூணாவது, சிபியு ரீசெட். கியூஎமுவ நோ ரீபூட் ஆப்ஷனோட, மைனஸ் டி இன்ட் போட்டு ஓட்டுங்க, வந்த எக்செப்ஷன் எல்லாத்தையும் ரெஜிஸ்டரோட எழுதி வெச்சிடும். கடைசி வரிய பாக்காதீங்க, முதல்ல வந்த 0இ-ய தேடுங்க, அது தான் பேஜ் ஃபால்ட், நம்பர் 14. அந்த இடத்துல சிஆர்2 (ஃபால்ட் ஆன அட்ரஸ் இருக்கற ரெஜிஸ்டர்) மதிப்பும் இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயிண்டரும் ஒண்ணா இருந்தா ஓடிட்டு இருக்கற கோடயே நீங்க மேப் பண்ணல. சிஆர்2 ஸ்டாக் பாயிண்டர ஒட்டி இருந்தா ஸ்டாக்க மேப் பண்ணல. ஐடிடி இருக்கற அட்ரஸா இருந்தா இன்டரப்ட் டேபிள மேப் பண்ணல. எரர் கோட்ல கடைசி பிட் 0னா பேஜே இல்ல, 1னா பேஜ் இருக்கு பர்மிஷன் இல்ல. அடுத்த பிட் 1னா எழுத போயி வந்தது, அதுக்கு அடுத்தது 1னா யூசர் மோடுலேந்து வந்தது.

ஹேண்ட்லர் எழுதும்போது முதல் வேலையா சிஆர்2வ படிச்சி லோக்கல் வேரியபிள்ல போட்டுடுங்க, அதுக்கு அப்புறம் தான் இன்டரப்ட்ட ஆன் பண்றது, லாக் எடுக்கறது எல்லாம். நடுவுல இன்னொரு ஃபால்ட் வந்தா சிஆர்2 மாறிடும், நீங்க வேற அட்ரஸுக்கு பேஜ் குடுத்துட்டு ஏன் அதே ஃபால்ட் திரும்ப திரும்ப வருதுன்னு தேடிட்டு இருப்பீங்க.

கேள்வி: எங்க சர்வர்ல த்ரெட் எண்ணிக்கைய ஏத்த ஏத்த ஸ்லோ ஆகுது, சிபியு பாதி சும்மா கிடக்குது. எம்மேப் லாக் தான்னு ஒருத்தர் சொன்னார். கெர்னல மாத்தினா சரியாயிடுமா? அவசரப்பட்டு மாத்தறது பாதுகாப்பா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அண்ணா, முதல்ல அவர் சொன்னது நிஜமான்னு அளந்து பாத்துடுங்க. 5.11லேந்து எம்மேப் லாக்குக்குன்னே ட்ரேஸ்பாயிண்ட் (கெர்னலுக்குள்ள நடக்கறத அளக்க வெச்ச இடம்) இருக்கு, லாக் கேட்ட நேரம், கிடைச்ச நேரம், விட்ட நேரம் மூணும் வரும், பெர்ஃப்லயோ பிபிஎஃப்ட்ரேஸ்லயோ கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் போகுதுன்னு பாருங்க. அது பெருசா இருந்தா அடுத்த கேள்வி ரைட்ல யார் எடுக்கறாங்கங்கறது, ஃபால்ட் ஆகறவங்க எல்லாம் ரீட்ல தான் எடுப்பாங்க, அவங்களுக்குள்ள சண்டை கம்மி. ஒவ்வொரு எம்மேப்பும், எம்அன்மேப்பும், புது த்ரெட்டுக்கு ஸ்டாக் ஒதுக்கறதும் ரைட்ல எடுத்து மொத்த ப்ராசஸையும் நிறுத்தும். பெரிய பெரிய மாலக், ஃப்ரீ மாறி மாறி பண்ற கோட் இருந்தா அதுவும் உள்ளுக்குள்ள எம்மேப் தான். நிறைய இடத்துல பஃபர திரும்ப யூஸ் பண்ற மாதிரி மாத்தினாலே பாதி பிரச்சனை போயிடும், கெர்னல தொடவே வேணாம்.

2023 ஜூன்ல வந்த 6.4ல ஒவ்வொரு விஎம்ஏவுக்கும் (ப்ராசஸோட மெமரில தொடர்ச்சியான ஒரு பகுதி) தனி லாக் வந்துச்சு, சூரன் பாக்தாசர்யன் பண்ண வேலை. ஃபால்ட் ஆன அட்ரஸ் எந்த விஎம்ஏல இருக்கோ அதோட லாக்க மட்டும் எடுத்து வேலைய முடிக்க பாக்கும், முடியலனா தான் பழைய எம்மேப் லாக்குக்கு போகும். ஆரம்பத்துல அனானிமஸ் மெமரிக்கு (எந்த ஃபைலோடயும் சேராதது) மட்டும் இருந்துச்சு, அப்புறம் ஃபைல் மேப்பிங்குக்கும் கொண்டு வந்தாங்க. உங்க சர்வருக்கு உதவ வாய்ப்பிருக்கு.

பாதுகாப்பான்னு கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. 6.4 வந்த புதுசுல ஃபோர்க் நடக்கற நேரத்துல இன்னொரு த்ரெட்டுக்கு ஃபால்ட் வந்தா மெமரி கெட்டுப்போற பக் இருந்துச்சு, அடுத்த மாசமே அந்த வசதிய கொஞ்ச நாள் ஆஃப் பண்ணி வெச்சி சரி பண்ணாங்க. அதே நேரம் தான் ஸ்டாக்ராட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டையும் வெளிய வந்துச்சு, யூசர் ஸ்டாக் கீழ வளரும்போது எம்மேப் லாக்க ரீட்ல மட்டும் வெச்சிக்கிட்டு விஎம்ஏ மரத்த மாத்தினாங்க, 6.1ல மேப்பிள் ட்ரீ (விஎம்ஏக்கள வெச்சிக்கற புது மர அமைப்பு) வந்ததும் அந்த பழைய பழக்கம் ஆபத்தாயிடுச்சு. அதுக்கும் முன்னாடி 2016ல டர்ட்டி கவ், காப்பி ஆன் ரைட் ஃபால்ட்டுக்கும் எம்அட்வைஸுக்கும் நடுவுல இருந்த ஒரு ரேஸ், 2007ல வந்த 2.6.22லேந்து கிட்டத்தட்ட 9 வருஷம் எல்லார் மெஷின்லயும் உக்காந்திருந்துச்சு, சாதா யூசர் ரூட் ஆயிடலாம். லினக்ஸ உருவாக்கின லீனஸ் டோர்வால்ட்ஸே இத 11 வருஷம் முன்னாடி சரி பண்ண பாத்து அது சரியா அமையலன்னு அந்த ஃபிக்ஸோட எழுதி வெச்சார், அவரோட நேர்மைய நான் ரொம்ப மதிக்கறேன். அதனால அண்ணா, புது வெர்ஷன் வந்த வாரமே போடாதீங்க, நீண்ட நாள் சப்போர்ட் இருக்கற வெர்ஷனா எடுத்து அதோட பாயிண்ட் ரிலீஸ தவறாம போட்டுக்கிட்டே வாங்க. போட்ட பிறகு விஎம்ஸ்டாட் ஃபைல்ல விஎம்ஏ லாக் சக்சஸ், மிஸ், அபார்ட், ரீட்ரைன்னு எண்ணிக்கை வரும், அதுக்கான கான்ஃபிக் தனியா ஆன் பண்ணனும். சக்சஸ் ஏறாம அபார்ட் ஏறினா கெர்னல மாத்தினதால உங்களுக்கு லாபம் இல்ல, திரும்ப கோடுக்கு வாங்க.

கேள்வி: வீட்ல பழைய 4 ஜிபி லேப்டாப் தான் அக்கா இருக்கு, கரண்டும் அடிக்கடி போகுது. இத வெச்சி கெர்னல் கத்துக்க முடியுமா?
– பிளஸ் டூ மாணவர், கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமா முடியும் கண்ணு. எக்ஸ்வி6 கியூஎமுல 128 எம்பி மெமரில ஓடுது, உன் லேப்டாப்புக்கு அது ஒரு பாரமே இல்ல, கம்பைல் பண்ணவும் ரொம்ப நேரம் ஆகாது, கரண்ட் போனாலும் பேட்டரிலயே சமாளிக்கலாம். முழு லினக்ஸ் கெர்னல இப்போவே கம்பைல் பண்ண உக்காராத, அந்த மெஷின்ல உன் நேரம் பூரா அதுலயே போயிடும். உக்கார அமைதியான இடம் வேணும்னா கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்கு போய் பாரு, படிக்கற பசங்களுக்கும் அங்க இடம் இருக்கு. முதல் வேலையா யூசர்ட்ராப் ஃபங்ஷன்ல வர்ற ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் எஸ்காஸ், எஸ்டிவால், எஸ்இபிசி, ப்ராசஸ் நம்பர் நாலையும் ப்ரின்ட் பண்ணு, அப்புறம் ஒரு சின்ன சி ப்ரோக்ராம்ல 0 அட்ரஸ்ல எழுது, ரொம்ப பெரிய அட்ரஸ்லேந்து படி, ஃபங்ஷன் கோட் மேலயே எழுதி பாரு, ஒவ்வொண்ணுக்கும் என்ன நம்பர் வரும்னு ஓட்டறதுக்கு முன்னாடியே நோட்ல எழுதிட்டு ஓட்டு. 0 அட்ரஸ்ல என்ன வந்துச்சுன்னு மட்டும் எனக்கு எழுதி அனுப்பு, எக்ஸ்வி6ல யூசர் ப்ரோக்ராமோட கோடே 0லேந்து தான் ஆரம்பிக்குது, அத வெச்சி அடுத்த மாசம் பேசலாம்.